ஐந்தாவது மாடியில் ஒரு கை

எங்கள் சந்துக்கு எதிரே டவர் எழும்பியதிலிருந்து இங்கே யாராலும் ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை. காலை வெயில் அதன் வழக்கமான பக்கத்திலிருந்து வருகிறது. மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்சம் சாயலாம் என்று பார்த்தால், டவரின் கண்ணாடியில் பட்டு எதிர்ப்பக்கத்திலிருந்தும் வருகிறது. நாற்காலியை இழுத்துப் போட்டால் வெயிலும் கூடவே நகர்ந்து வரும். சாயங்காலமானால் டவரில் விளக்குகளைப் போட்டுவிடுவார்கள். அந்த வெளிச்சத்தில் எங்கள் வீடுகளுக்குள் ஊசியில் நூல் கோக்கலாம்.

ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வேடிக்கை பார்க்க அதைப் போல ஒன்று கிடையாது. நாங்கள் இருப்பது எதிர்க் கட்டடத்தின் நான்காவது மாடியில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அத்தனை அலுவலகமும் கண்முன். எந்த மேனேஜர் எவன் தலைக்கு மேல் நின்று கத்துகிறார், யார் யாருக்காகக் காத்திருந்து ஒரே லிஃப்டில் இறங்குகிறார்கள், எவன் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுகிறான், எல்லாம் எனக்கு அத்துப்படி.

"நீ அங்கேயே வேலைக்குச் சேர்ந்துடேன். சூப்பர்வைசராப் போடுவாங்க" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, பேப்பரைப் பிரித்தால் கூரை இடிந்து விழுந்தாலும் தெரியாது. நான் சொல்லித்தான் அவருக்கு எதிர்வீட்டுச் சங்கதியே தெரியவரும்.

இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஐந்தாவது மாடி காலியானது. முழுக்க ஆட்கள் நிரம்பி வழிந்த இடம். ஒரு நாள் மேசைகளை உருட்டிக்கொண்டு போனார்கள், மறுநாள் நாற்காலிகளை. கடைசியில் தொட்டிச் செடிகளையும் தூக்கிப் போனார்கள். அத்தனை பெரிய இடத்தில் ஒரே ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு நாற்காலி, அவள். நாற்பது வயது சொல்லலாம். தலையைக் குனிந்து ஏதோ வேலை பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று நிமிர்ந்து, எங்கள் பக்கமாகக் கையை உயரத் தூக்கி ஆட்டுவாள். பிறகு ஒன்றுமே நடக்காதது போலக் குனிந்துகொள்வாள்.

ஒரு நாள் என்றால் கொசுவை ஓட்டுகிறாள் எனலாம். தினமும் சாயங்காலம், திரும்பத் திரும்ப, அதே கை.

கீழே தையல் கடை வைத்திருப்பவளிடம் சொன்னேன். அவள் வாயில் குண்டூசியைக் கடித்தபடி மேலே பார்த்தாள். "எனக்கு இல்லக்கா. எனக்குக் கை காட்டுறவங்க எல்லாம் ஜாக்கெட் ரெடியான்னு கேக்கத்தான் காட்டுவாங்க" என்றாள். பிறகு கண்ணாலேயே ஒரு கோடு இழுத்தாள். டவரின் ஐந்தாவது மாடியும் எங்கள் மொட்டை மாடி அறையும் நேருக்கு நேர். மொட்டை மாடி அறையில் குடியிருப்பது பவர்.

பவர் என்றால் யாரும் பயப்பட வேண்டாம். கீழே மூலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். யாரைப் பார்த்தாலும் "பவர் என்ன?" என்று கேட்டுக் கேட்டு அதுவே பேராகிவிட்டது. மற்றபடி, கடைக்குள் வந்த பூனையை வெளியே போகச் சொல்லக்கூட இரண்டு தடவை யோசிக்கிற மனுஷன். நாற்பத்தைந்தைத் தொட்டாயிற்று, கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல், அவள் ஃபிரேம் கோணலாக இருக்கிறது என்று கழற்றி நிமிர்த்திக் கொடுத்துவிட்டு வந்தவர். கண்ணாடி சரியாக உட்கார்ந்தது. பெண்தான் வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டாள்.

அந்தச் சமயத்தில் அவருக்கு ஒரு பெரிய முடிவு தலைக்கு மேல் நின்றது. வேறு ஊரில் இருக்கும் அவருடைய அக்கா, கடையையும் அறையையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா புருஷனுக்கு அங்கே பெரிய கடை. அதில் ஒரு ஓரத்தைத் தம்பிக்கு ஒதுக்கித் தருவார்களாம். இங்கே பவருடைய மூலைக்கடையை ஒரு காபிக் கம்பெனி கேட்டுக்கொண்டிருந்தது. டவர்க்காரர்கள் வரிசையில் நின்று காபி குடிக்க அந்த மூலைதான் தோதாம். அடுத்த வாரம் சனிக்கிழமை அக்காவும் மச்சானும் கம்பெனி ஆளைக் கூட்டிக்கொண்டு நேரில் வருவதாக ஏற்பாடு. அன்றைக்குச் சரி என்று சொன்னால் அவர் வாழ்க்கை இந்தச் சந்திலிருந்து வேரோடு கிளம்பிவிடும். பாதிக்கு மேல் சரி என்றுதான் இருந்தார். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டு எத்தனை நாள்தான் ஓட்டுவது.

அந்த நேரத்தில்தான் நான் கடைக்குப் போய், "தம்பி, அஞ்சாவது மாடியில ஒருத்தி உங்களுக்குக் கை காட்டுறா" என்றேன்.

"எனக்கா? அண்ணி, அவங்களுக்குத் தூரப்பார்வையில கோளாறு இருக்கும்."

"ஒரு நாள் கோளாறா இருக்கலாம். தினமுமா?"

சிரித்துக்கொண்டே லென்ஸைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் துணி எடுக்கிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில் துணியே இல்லை என்பது வேறு விஷயம். பவர் ஜன்னலில் நின்றிருந்தார். எதிரே கை எழுந்தது. இவர் கை இடுப்பு வரைக்கும் வந்தது, நின்றது, திரும்பிப் போய்த் தலையைச் சொறிந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ முழுதாக மேலே போய் ஆடியது. எதிரே அவள் ஒரு கணம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், மனுஷன் தொலைந்தார்.

சாயங்காலத்துக்கென்று இஸ்திரி போட்ட சட்டை வந்தது. மீசையின் ஓரம் கறுத்தது. கடையில் கால் நிற்பதில்லை. வாசலுக்கு வருவார், மேலே பார்ப்பார், உள்ளே போவார், எதற்குப் போனோம் என்று திரும்பி வருவார். தையல்காரிக்கு வேறு யாருடைய கண்ணாடியையோ கொடுத்துவிட்டார். அவள் அதைப் போட்டுக்கொண்டு ஒரு சட்டைக்கு மூன்று கை வெட்டிவிட்டு வந்து சண்டை போட்டாள். "ஊருக்கெல்லாம் கண்ணு பாக்குறவருக்கு இப்போ கண்ணு எங்க இருக்கு?" என்று அவள் கேட்டதற்கு, "மன்னிச்சுக்கங்க" என்று மேலே பார்த்துக்கொண்டே சொன்னார்.

அக்காவிடம் போனில், "இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்" என்றாராம். அந்த அம்மாள் உடனே என்னைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா நடக்குது அங்க? சரின்னு இருந்தவன் இப்போ இழுக்கிறான். யாராவது இருக்காங்களா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் உண்டு என் வேலை உண்டுன்னு இருக்கிறவ" என்றேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் இருமினார்.

ஆனால் போனை வைத்த பிறகு எனக்கே உறுத்தியது. அந்தப் பெண் யார், கல்யாணம் ஆனவளா, எதற்குக் கை காட்டுகிறாள், ஒன்றும் தெரியாது. அதை நம்பி இவர் அக்காவிடம் முடியாது என்று சொல்லி, காபிக் கம்பெனி அடுத்த மூலைக்குப் போய், கடைசியில் அவளும் இல்லையென்றால்? தீ மூட்டியவள் நான். யாராவது போய்க் கேட்க வேண்டும். கேட்கிற வேலைக்கு இந்தச் சந்தில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

வெறுங்கையோடு போக முடியாதே. பவர் கடையில் பழைய நோட்டீஸ்கள் கிடந்தன, 'இலவசக் கண் பரிசோதனை' என்று. அவர் அந்தப் பக்கம் திரும்பியபோது ஒரு கட்டு எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

டவருக்குள் நுழைந்தால் ஆஸ்பத்திரி மாதிரிக் குளிர். செக்யூரிட்டி, "யாரைப் பாக்கணும்மா?" என்றார்.

"அஞ்சாவது மாடியில ஒரு பொண்ணு."

"பேரு?"

"பேர் தெரிஞ்சா நான் ஏன் வர்றேன்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அஞ்சாவதுல ஒரே ஒரு மேடம்தான் இருக்காங்க" என்று போன் செய்தார். யார், எதற்கு என்றுகூடக் கேட்காமல் அனுப்பச் சொல்லிவிட்டாள் அவள். எத்தனை நாளாக ஆள் முகம் பார்க்கவில்லையோ. நெஞ்சில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி லிஃப்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே பட்டனே இல்லை. எந்த மாடி என்று வெளியிலேயே சொல்லிவிட்டு ஏற வேண்டுமாம். அது தெரியாமல் யாரோ போன மாடிக்கெல்லாம் நானும் போய்விட்டு, ஒரு டை கட்டிய பையன் இரக்கப்பட்டு வழி காட்டி, ஒருவழியாக ஐந்தாவது மாடியில் இறங்கினேன்.

மேசைகள் இருந்த இடமெல்லாம் கம்பளத்தில் பள்ளம் பள்ளமாகத் தடம். தரையிலிருந்து ஒயர்கள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. நடந்தால் நம் காலடி நமக்கே பின்னால் கேட்டது. அவள் எழுந்து வந்து, "வாங்க ஆன்ட்டி" என்றாள். அவளுக்கே நாற்பது, நான் ஆன்ட்டியாம். சரி, வந்த காரியத்தைப் பார்ப்போம் என்று விழுங்கிக்கொண்டேன்.

தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு மேசை மேல் சாய்ந்து நின்றாள். நான் எதையும் நேராகக் கேட்கவில்லை. சுற்றி வளைத்துக் கேட்பதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. டீ ஆறுவதற்குள் எல்லாம் வந்துவிடும். கம்பெனி ஊருக்கு வெளியே போய்விட்டது. குத்தகை மாதக் கடைசி வரை இருப்பதால், சாவியை ஒப்படைக்கும் வரை ஒருவர் இருந்தாக வேண்டும். குடும்பம் இருப்பவர்கள் எல்லாம் ஏதேதோ காரணம் சொன்னார்கள். இவளுக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. கல்யாணம் ஒன்று நடந்து, சரிப்படாமல், முடிந்து வெகுநாளாயிற்று. மாதம் முடிந்ததும் புது இடத்துக்கு இவளும் போக வேண்டும்.

"அங்க போறதுக்கு ஆசைதானா?" என்றேன்.

"ஆசையெல்லாம் இல்ல ஆன்ட்டி. இங்க இருக்கவும்..."

அவள் முடிப்பதற்குள் பட்டென்று விளக்கெல்லாம் அணைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவளோ அசரவில்லை. ஜன்னல் பக்கமாகத் திரும்பி, கையை உயரத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினாள். விளக்கு வந்தது. "இங்க இருக்கவும் பிடிக்கல" என்று விட்ட இடத்திலிருந்து முடித்தாள்.

"என்னம்மா அது?" என்றேன்.

"சென்சார் லைட். ஆள் அசைஞ்சாத்தான் எரியும். முன்னாடி நிறைய பேர் இருந்தோம், யாராவது அசைஞ்சுட்டே இருப்பாங்க, தெரியல. இப்போ நான் ஒருத்திதானே. கொஞ்ச நேரம் சும்மா உக்காந்தா ஆளே இல்லன்னு முடிவு பண்ணிடும். சென்சார் ஜன்னல் மேல இருக்கு. அதான் அந்தப் பக்கமா ஆட்டணும்."

அந்த விளக்கு அணைந்து அணைந்து எரிவதை நானும் பார்த்திருக்கிறேன், கரன்ட் கோளாறு என்று விட்டுவிட்டேன். கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய கட்டடம், அசையாமல் உட்கார்ந்திருப்பவளை ஆள் என்று ஒப்புக்கொள்ளாது. அதற்குத் தன்னை நிரூபிக்க இவள் கையை ஆட்டுகிறாள். எதிரே ஒருவர் மீசைக்கு மை தடவிக்கொண்டு நிற்கிறார்.

ஜன்னல் வழியே பார்த்தேன். என் சமையலறை தெரிந்தது. நான் கழுவாமல் விட்டு வந்த பாத்திரம் தெரிந்தது. பேப்பரால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் தெரிந்தார். இத்தனை நாள் நான் மட்டும்தான் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. அதற்கு மேலே மொட்டை மாடி அறை.

அவளும் அங்கேதான் பார்த்தாள். "எதிர்ல ஒருத்தர் இருக்கார் ஆன்ட்டி. அவரும் தினமும் சாயங்காலம் கையை ஆட்டுறார். அங்கயும் இதே லைட்டா?"

நான் பையைத் திறந்து நோட்டீஸைத் தேடினேன்.

"பாவம்" என்றாள் அவள். "அவருக்கும் அசைய வேற ஆள் இல்ல போல. நான் ஆட்டும்போது அவரும் ஆட்டுவாரா, நான் தனியா இல்லன்னு இருக்கும்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பவர் இவள் கண்ணுக்குக் கோமாளியாகிவிடுவார். "ஆமாம்மா, அங்கயும் அதே லைட்தான்" என்று சொல்லிவிட்டு, நோட்டீஸை மேசையில் வைத்து, "கீழ மூலைக் கடை. இலவசம். கண்டிப்பா வாங்க" என்று எழுந்து ஓடிவந்துவிட்டேன்.

அவளிடம் மறைத்ததை இவரிடம் மறைக்க முடியாது. நாளைக்குச் சனிக்கிழமை. கடைக்குப் போனபோது அவர் ஒரு ஃபிரேமுக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திருகாணி கீழே விழுந்தது. இரண்டு பேரும் குனிந்து தேடினோம்.

"கிடைக்காது அண்ணி. விழுந்தா கிடைக்காது" என்றார். பிறகு, "அப்போ அது லைட்டுக்கு" என்றார்.

"ஆமா தம்பி."

"நானும் லைட்டுக்குத்தான் ஆட்டுறேன்னு நெனச்சாங்க."

"ஆமா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொல்லிட்டேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லது. உள்ளதைச் சொல்லியிருந்தா அசிங்கமாப் போயிருக்கும்." அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் ஜன்னல் திறக்கவில்லை. எதிரே வழக்கம் போல விளக்கு அணைந்தது. கை உடனே எழவில்லை. அவள் இருட்டில் நின்று இந்தப் பக்கம் பார்ப்பது போல எனக்குத் தோன்றியது. தோன்றியதா, உண்மையா, சத்தியம் செய்ய மாட்டேன்.

சனிக்கிழமை இருட்டத் தொடங்கும் நேரத்தில் அக்காவும் மச்சானும் வந்தார்கள், பின்னால் காபிக் கம்பெனி ஆள். அத்தனை பேருக்கு அவரிடம் டம்ளர் கிடையாது. அதனால் டீயோடு நானும் போனேன். நான் போனதால் என் வீட்டுக்காரரும் வந்தார். அந்தச் சின்ன அறையில் முழங்கால்கள் இடித்துக்கொண்டன.

காபிக்காரன் மூலைக்கடையை எப்படி இடித்து முழுக்கக் கண்ணாடியாக்கப் போகிறார்கள் என்று கையால் காற்றில் கட்டிக் காட்டினான். அக்கா அறையைச் சுற்றிப் பார்த்து, ஒற்றைத் தட்டையும் ஒற்றைத் தலையணையையும் பார்த்து, மூக்கை உறிஞ்சினாள். "இதுக்கு மேல என்னடா யோசனை? யாருக்காக இங்க இருக்கே?"

பவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லு மாப்ளே" என்றார் மச்சான். "வர்றியா, இல்லையா? அவர் வேற இடம் பாக்கணும்ல."

"சரி மச்சான்..." என்று ஆரம்பித்தார் பவர். எனக்கு டீ கசந்தது.

அப்போது எதிரே ஐந்தாவது மாடி விளக்கு அணைந்தது. பவர் நிமிர்ந்தார். இருட்டில் ஒரு கை எழுந்தது, விளக்கு வந்தது. அவள் உட்காரவில்லை. கண்ணாடியோரம் நின்று நேராக இந்த ஜன்னலைப் பார்த்தாள்.

பவர் எழுந்தார். எங்கள் முழங்கால்களைத் தாண்டிப் போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டி விளக்கை அணைத்தார்.

"கரன்ட் போச்சா?" என்றார் மச்சான்.

"அவன்தான் அணைச்சான். டேய், என்னடா பண்றே?" என்றாள் அக்கா.

பவர் ஜன்னலுக்குப் போய், டவர் வெளிச்சம் முகத்தில் விழ நின்று, கையைத் தூக்கி ஆட்டினார். விளக்கு வரவில்லை. நன்றாக உயர்த்தி ஆட்டினார். வரவில்லை. எப்படி வரும்? எங்கள் கட்டடத்தில் சுவிட்சைத் தட்டினால்தான் விளக்கு. அதைத்தான் அவளுக்குக் காட்டுகிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

எதிரே அவள் அப்படியே அசையாமல் நின்றாள். நின்றதில் அவள் விளக்கும் அணைந்துவிட்டது. இரண்டு பக்கமும் இருட்டு. என் நகத்தை நானே கடித்துத் துப்பினேன். காபிக்காரன், "யாராவது லைட்டைப் போடுங்களேன்" என்றான். என் வீட்டுக்காரர், அதிசயமாக, "சும்மா இருங்க தம்பி" என்றார்.

பிறகு அங்கே கை எழுந்தது. விளக்கு வந்தது. கை இறங்கவில்லை. அத்தனை விளக்கும் எரிகிறது, இனி ஆட்டத் தேவையே இல்லை. அவள் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பவர் திரும்பி விளக்கைப் போட்டார். முகமெல்லாம் வியர்வை. "கடை இப்போதைக்கு இல்ல மச்சான்" என்றார்.

"ஏண்டா? காரணம் சொல்லு" என்றாள் அக்கா.

"இலவசக் கண் பரிசோதனைன்னு நோட்டீஸ் குடுத்தாச்சு. ஆள் வர்ற நேரத்துல கடையை வித்துட்டா நல்லா இருக்குமா?" என்று என்னைப் பார்த்தார். நான் டம்ளர்களை எண்ணுவது போலக் குனிந்துகொண்டேன்.

அக்கா ஜன்னலுக்குப் போனாள். எதிரே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "ஒல்லியா இருக்கா" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் மூலைக் கடைக்கு வந்தாள், கையில் அந்த நோட்டீஸோடு. மாதக் கடைசிக்குப் பிறகு அவள் எந்த ஊரில் இருப்பாள், இவர் என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டார்கள். தையல் கடை வாசலில் நின்று எவ்வளவு எட்டிப் பார்த்தும் பேச்சு காதில் விழவில்லை. உள்ளே அவள் கண் பார்க்கிற மெஷினில் மோவாயை வைத்து உட்கார்ந்திருந்தாள். "அசையாம இருங்க" என்று அவர் சொன்னது உதட்டசைவில் தெரிந்தது. அவள் அசையவில்லை. விளக்கு அணையவில்லை. தையல்காரி என் இடுப்பில் இடித்து, "அக்கா, எதுக்கு இப்படித் தவிக்கிறீங்க, ஒரு இடத்துல நில்லுங்களேன்" என்றாள். நானும் நிற்கத்தான் பார்த்தேன்.